வானேறிய வெப்பம்

நுழையும்முன்

பறவையைக் கண்டு பறக்க விரும்பிய மனிதன், முதன்முதலில் வானேறியது சிறகால் அன்று, தீயால். ஆயினும், அத்தீ தம்மை எவ்வாறு தூக்கியது என்பதை அன்று பலூன் செய்தவர்களே தவறாகப் புரிந்துகொண்டிருந்தனர். ஒன்றைச் செய்து காட்டுவதும் அதன் காரணத்தை அறிவதும் வேறுவேறு என்பதை வெப்பக்காற்றுப் பலூனின் வரலாறு உணர்த்துகிறது.

சூளை எழுப்பும் வினா

சேத்தியாத்தோப்புப் பகுதி மக்களுக்கு விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் புதியதன்று. களிமண் பொருள்களைச் சுடும் சூளையின் புகைபோக்கி வழியே புகை மேலெழுவதைக் காண்போர்க்கு ஒரு வினா தோன்றலாம். புகை தானே மேலே செல்கிறதா? அல்லது வேறொன்று அதனைச் சுமந்து செல்கிறதா? இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், பிரான்சு நாட்டில் இவ்வினாவே பெரிதாக எழுந்தது.

காகிதம் செய்தோரின் கனவு

ஜோசப் மான்ட்கோல்ஃபியர், எட்டியென் மான்ட்கோல்ஃபியர் ஆகிய உடன்பிறந்தோர் காகிதத் தொழில் செய்த குடும்பத்தினர். துணியும் காகிதமும் கொண்டு பெரிய பை ஒன்றைச் செய்து, அதன் வாயின்கீழ் வைக்கோலையும் கம்பளியையும் எரித்தனர். 1783 ஜூன் 4 அன்று, அன்னோனே என்னும் ஊரில் மக்கள் முன்னிலையில் அப்பை விண்ணில் எழுந்தது.

உயரத்தில் உயிர்கள் பிழைக்குமா என்னும் ஐயம் அடுத்து எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று, வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயி காண, ஓர் ஆடும் வாத்தும் சேவலும் பலூனில் அனுப்பப்பட்டன. மூன்றும் உயிருடன் தரையிறங்கின. நவம்பர் 21 அன்று, பிலாத்ர் டி ரோசியே, மார்க்கி தார்லாந்து ஆகிய இருவர் பாரிஸ் நகரின்மேல் ஏறத்தாழ 25 நிமிடங்கள் பறந்தனர். கயிற்றால் கட்டப்படாத பலூனில் மனிதர் பறந்தது அன்றுதான்.

தவறான விளக்கம்

தம் பலூனைத் தூக்கியது புகையில் உள்ள தனித்தன்மை வாய்ந்த ஒரு வாயு என மான்ட்கோல்ஃபியர் உடன்பிறந்தோர் கருதினர். எனவே, மிகுந்த புகை தரும் பொருள்களை விரும்பி எரித்தனர். ஜெனீவாவைச் சேர்ந்த அறிஞர் டி சோசூர் இதனை ஆராய்ந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சிறிய பலூனொன்றின் வாயினுள் செலுத்தினார். இரும்பு புகை தரவில்லை. வெப்பம் மட்டுமே தந்தது. ஆயினும் பலூன் எழுந்தது. தூக்கியது புகையன்று, வெப்பமடைந்த காற்றே என்பது தெளிவாயிற்று.

மிதக்கும் முறை

காற்று வெப்பமடையும்போது விரிவடைகிறது. அதனால் அதன் அடர்த்தி குறைகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். 100 பாகையில் அது ஏறத்தாழ 0.95 கிலோகிராமாகக் குறைகிறது. வேறுபாடு கால் கிலோகிராம் மட்டுமே. எனினும், 2,800 கனமீட்டர் கொள்ளளவுடைய பலூனில் இச்சிறு வேறுபாடு ஏறத்தாழ 700 கிலோகிராமாகத் திரள்கிறது. பலூனின் துணி, கூடை, எரிபொருள் உருளைகள், பயணிகள் ஆகியவற்றின் மொத்த நிறை இதனைவிடக் குறைவாக இருப்பின் பலூன் மேலெழும். நீரில் மிதக்கும் பொருளுக்கு ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி காற்றுக்கும் பொருந்துகிறது.

1960 இல் அமெரிக்கரான எட் யோஸ்ட், புரோப்பேன் வாயுவை எரிக்கும் பர்னருடன் பறந்து, இக்காலப் பலூனுக்கு வழிவகுத்தார். உச்சியிலுள்ள திறப்பின் வழியே வெப்பக்காற்றை வெளியேற்றினால் பலூன் இறங்கும். பக்கவாட்டில் திருப்புவதற்குச் சுக்கான் இல்லை. உயரத்திற்கேற்பக் காற்றின் திசை மாறுவதால், ஏறியும் இறங்கியும் வேண்டிய திசைக் காற்றை ஓட்டுநர் தேடிக்கொள்கிறார்.

2015 முதல் பொள்ளாச்சியில் நடைபெற்றுவரும் பன்னாட்டுப் பலூன் திருவிழா, இவ்வறிவியலை நம் கண்முன் நிறுத்துகிறது. குளிர்ந்த தை மாதக் காலைப்பொழுது இதற்கு ஏற்றது. வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் அடர்த்தி வேறுபாடு மிகும். காலையில் காற்றின் வேகமும் பெரும்பாலும் குறைந்திருக்கும்.

அறிவின் விலை

முதற்பயணத்தில் வென்ற டி ரோசியே, 1785 ஜூன் 15 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றார். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் நிரம்பிய பலூனையும் தீயால் இயங்கும் பலூனையும் இணைத்து அவர் எழுந்தார். பலூன் வீழ்ந்தது, அவரும் உடன்சென்ற ரோமேனும் உயிரிழந்தனர். துணிவு மனிதனை வானேற்றும். பாதுகாப்பாகத் தரையிறங்க அறிவும் வேண்டும். சூளைப் புகையைக் கண்டு, ‘ஏன்?’ என வினவும் மாணவரிடமிருந்தே அவ்வறிவு தொடங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

2005 நவம்பர் 26 அன்று, இந்தியரான விஜய்பத் சிங்கானியா மும்பையிலிருந்து வெப்பக்காற்றுப் பலூனில் புறப்பட்டு, 21,027 மீட்டர் உயரத்தை எட்டி உலகச் சாதனை படைத்தார்.

கற்பவை கற்றபின்

1. டி சோசூர் புகை தராத இரும்பைத் தேர்ந்தெடுத்தது ஏன்? வகுப்பில் கலந்துரையாடுக.
2. நும் ஊரில் வெப்பத்தால் காற்று மேலெழும் இடங்களைக் கண்டறிந்து பட்டியலிடுக.