நூல் இருக்கும் இடம்



பள்ளி நூலகத்தில் ஒரு நூலைத் தேட வேண்டுமானால், அலமாரிகளை ஒருமுறை சுற்றி வந்தாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். பல்கலைக்கழக நூலகத்தில் அவ்வாறு தேட இயலாது. அங்கே நூல்கள் இலட்சக்கணக்கில் இருக்கும். பல மாடிகளில் பரவியிருக்கும். தில்லியிலோ கொல்கத்தாவிலோ புனேயிலோ கல்லூரிப் படிப்பைத் தொடங்கும் தமிழ் மாணவர், நூலகக் கணினியில் ஒரு தமிழ் நூலின் பெயரைத் தட்டிப் பார்த்து, எதுவும் வாராமையால், 'இங்கே தமிழ் நூல்கள் இல்லை' என்று எண்ணித் திரும்பிவிடுவதுண்டு. பல வேளைகளில் அந்த எண்ணம் தவறானது. நூல் அங்கேயே இருக்கும். தேடிய முறையில்தான் குறை இருக்கும்.

முதலில் நூலின் முதுகுப்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள சீட்டைக் கவனியுங்கள். அதில் ஓர் எண்ணும், அதன்கீழ்ப் பெரும்பாலும் ஆசிரியர் பெயரைக் குறிக்கும் சில எழுத்துகளும் காணப்படும். அந்த எண் நூல் எதைப் பற்றியது என்பதைக் கூறுகிறது. அமெரிக்கரான மெல்வில் டூயி என்பவர் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையே உலகில் மிகுதியாக வழங்குகிறது. அம்முறையில் அறிவுத்துறைகள் அனைத்தும் பத்துப் பெரும்பிரிவுகளாக அமைந்துள்ளன. 500 என்பது அறிவியல். 800 என்பது இலக்கியம்.

தமிழ் இலக்கியத்திற்கு உரிய எண் 894.811. அதனை அடுத்து 894.812இல் மலையாள இலக்கியமும், 894.814இல் கன்னட இலக்கியமும் நிற்கின்றன. தெலுங்கு சற்றுத் தள்ளி 894.827இல் உள்ளது. மராத்தி இலக்கியம் 891.46, வங்காள இலக்கியம் 891.44. இனித் தமிழ் இலக்கணமும் அகராதியும் எங்கே இருக்கும்? 494.811இல். முதல் இலக்கம் மட்டுமே மாறியிருப்பதைப் பாருங்கள். 8 இலக்கியத்தையும் 4 மொழியையும் குறிக்கின்றன. எஞ்சிய இலக்கங்கள் தமிழைக் குறிக்கின்றன. புள்ளிக்குப் பின்னுள்ளவை தசம இலக்கங்கள் என்பதையும் மறவாதீர்கள். எனவே 894.82 என்பது 894.811க்குப் பின்னரே அலமாரியில் வரும். 82ஐவிட 811 பெரிது என்று கருதியவர், நூலுக்கு எதிரே நின்றுகொண்டே அதனைக் காணாமல் போவார்.

எண்ணை அறிந்தவருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு நூலைத் தேடி அவ்வலமாரிக்குச் சென்றால், அதே பொருளைப் பற்றிய பிற நூல்களும் இருபுறமும் நிற்கும். தேடிச் சென்ற நூலை விட்டுவிட்டு அதன் பக்கத்து நூலோடு திரும்பி வருவது நூலகத்திற்கே உரிய இன்பம். கணினித் திரை அதனை அவ்வளவு எளிதில் தருவதில்லை.

எல்லா நூலகங்களும் டூயி முறையைப் பின்பற்றுவன அல்ல. சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னையில் கணிதம் கற்பித்தவர். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். நூல்கள் பூட்டி வைப்பதற்கு உரியன அல்ல, படிப்பவர் கைக்குச் செல்வதற்கே உரியன என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. அவர் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட பகுப்பு முறையில் எண்களுக்கு இடையே முக்காற்புள்ளி இடப்படுவதால், அது கோலன் பகுப்பு எனப்படுகிறது. அம்முறையில் இலக்கிய நூல்களின் குறியீடு ஆங்கில எழுத்தான ஓ என்பதில் தொடங்கும். ஆகவே ஒரு நூலகத்தில் கற்ற எண்ணை மற்றொரு நூலகத்தில் அப்படியே தேடாமல், அங்கு எம்முறை வழங்குகிறது என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

ரங்கநாதன் பெயரின் முன்னுள்ள 'எஸ்' அவருடைய ஊரைக் குறிப்பது. சீர்காழி அக்காலத்தில் ஆங்கிலத்தில் 'ஷியாளி' என்று எழுதப்பட்டது. தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இவ்வாறு பலவாறு மாறுவதுதான் நூல் தேடுவோர்க்கு நேரும் பெருந்தடை. பல நூலகங்களின் கணினிப் பட்டியலில் தமிழ் நூல்களின் பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே பதியப்பட்டுள்ளன. அங்கே கையாளப்படும் முறை, நாளிதழ்களில் நாம் காணும் முறை அன்று. அறிஞர் முறையில் சகரத்திற்கு ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாகிய சி இடப்படும். தகரத்தின்பின் எச் வாராது. ழகரத்திற்கு அடிக்கோடிட்ட எல் வரும். எனவே சிலப்பதிகாரத்தை எஸ் எழுத்தில் தொடங்கித் தேடியவர், சி எழுத்திலும் ஒருமுறை தேட வேண்டும். உ. வே. சாமிநாதையரை 'சுவாமிநாத ஐயர்' என்று இரு சொல்லாகத் தேடிக் கிடைக்காவிடில், 'சாமிநாதையர்' என்று ஒரே சொல்லாகச் சி எழுத்தில் தொடங்கித் தேடுங்கள். சில பட்டியல்கள் தமிழ் எழுத்தையே ஏற்கும். அதனை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. பெயரால் கிடைக்காத நூல் பகுப்பு எண்ணால் கிடைப்பதும் உண்டு.

உங்கள் பல்கலைக்கழகத்தில் நூல் உண்மையாகவே இல்லாதிருக்கலாம். அப்போதும் வழி உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் அளிப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னை, மும்பை, தில்லி ஆகிய நகரங்களில் உள்ள மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். பதிப்பாளர் அனைவரும் இதனைக் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளையின் நூல் தொகுப்பும் கொல்கத்தா தேசிய நூலகத்திலேயே உள்ளது. அவர் சேர்த்த நூல்களைக் காண விரும்புபவர் சென்னைக்கன்று, கொல்கத்தாவிற்கே செல்ல வேண்டும்! ஒரு நூலகம் மற்றொரு நூலகத்திடமிருந்து நூலைக் கடனாகப் பெற்றுத் தருவதும் உண்டு. தில்லியில் 1988ஆம் ஆண்டில் தொடங்கிய டெல்நெட் என்னும் அமைப்பு இப்பணிக்கு உதவுகிறது. ஆய்வேடுகளைச் சோத்கங்கா இணையத்தளத்திலும், பழைய தமிழ் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் காணலாம்.

இவற்றுள் எதுவும் கைகொடுக்காதபோது நூலகரிடம் கேளுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பகுப்பு எண் தெரியும். 894.811 என்று எழுதிக் காட்டினால் அவர் அலமாரிக்கு வழிகாட்டுவார்.

சொற்பொருள்

பகுப்பு – பொருள்வாரியாகப் பிரித்தல்
நெடுங்கணக்கு – எழுத்துகளின் வரிசை
முக்காற்புள்ளி – ( : ) என்னும் குறி
ஆய்வேடு – ஆராய்ச்சிப் பட்டத்திற்காக எழுதப்படும் நூல்

பயிற்சி

1. 894.812 மலையாள இலக்கியத்தின் எண் எனில், மலையாள இலக்கண நூல்கள் எவ்வெண்ணில் இருக்கும்?

2. அலமாரியில் நிற்கும் முறையில் வரிசைப்படுத்துக: 894.827, 891.46, 894.811, 494.811.

3. உங்கள் வீட்டிலுள்ள ஒரு தமிழ் நூலின் ஆசிரியர் பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை வகையாக எழுதலாம்? எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு நூலகப் பட்டியலில் தேடுக.

4. உங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள ஒரு தமிழ் நூலின் எண்ணைக் குறித்து வருக. அதன் இருபுறமும் எம்மொழி நூல்கள் உள்ளன?