குழாயை விட்டுப் பிரிந்த மூச்சு

உலோகத் தலைக்கவசத்துடன் கடலில் இறங்கிய முற்கால முக்குளிப்பாளருக்குக் கப்பலிலிருந்து வரும் காற்றுக்குழாயே உயிர். அது எட்டும் தொலைவே எல்லை. இத்தளையை அறுக்கப் பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும் முயன்றனர். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டினால் எரிவாயுவில் ஓடிய மகிழுந்துகளுக்கெனக் கன்யான் அமைத்திருந்த வால்வே அவர்களுக்கு வழிகாட்டியது.

1943இல் மார்ன் ஆற்றில் நடந்த முதற்சோதனை ஏமாற்றமே அளித்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகப் பீறிட்டது. தலைகீழானால் மூச்சிழுப்பதே அரிதாயிற்று. காற்று வரும் துளையும் வெளியேறும் துளையும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததே காரணம். அவற்றை ஒரே மட்டத்தில் அமைத்ததும் குறை தீர்ந்தது. முதுகிலுள்ள கலனிலிருந்து, சூழ்ந்த நீரின் அழுத்தத்திற்கு ஈடாக, மூச்சிழுக்கும்போது மட்டும் இக்கருவி காற்றளிக்கும்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். ஆதலால் மேலேறுவோர் மூச்சை அடக்கலாகாது. அடக்கினால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

வினா: முதற்சோதனை தோல்வியுற்றது ஏன்?