ஒன்பது பேரில் ஒருவர்

கேள்வி: என் மகன் குடும்பம் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இருக்கிறது. அந்த ஊரில் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை கொண்டுவந்த கவுன்சிலர் க்ஷமா சாவந்த் தமிழ்ப் பெண்தான் என்று அவன் சொல்கிறான். பெயரைப் பார்த்தால் மராட்டியர் மாதிரி இருக்கிறதே? எங்கள் வார்டில் ஒரு தெருவிளக்கை எரியவைக்கவே கவுன்சிலர் படாத பாடு படுகிறார். அங்கே கவுன்சிலர் சட்டமே போடலாமா? சாதி ஒழிப்புக்காகத்தான் இவர் அரசியலுக்கு வந்தாரா?
— வாசகி, திருச்சி

பதில்: மகன் சொன்னது சரிதான். 1973இல் புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். ‘சாவந்த்’ திருமணத்தால் வந்த பெயர். பதின்மூன்று வயதில் அப்பாவை விபத்தில் பறிகொடுத்தார். வண்டி ஓட்டியவன் குடித்திருந்தான். அம்மா பள்ளித் தலைமையாசிரியை. சாவந்த் கணினி படித்துக் கொஞ்ச காலம் மென்பொருள் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு வட கரோலினாவில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 2006இல் சியாட்டில் வந்தார், ‘சோஷலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ்’ என்ற சின்ன இடதுசாரி அமைப்பில் சேர்ந்தார், கல்லூரிகளில் பாடம் நடத்தினார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன்: இல்லை. அவர் வந்தது கூலிக்காக. 2013 தேர்தலில் அவர் வைத்த பெரிய கோரிக்கை மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம். அப்போது வாஷிங்டன் மாநிலத்தில் அது 9 டாலர் சொச்சம். எதிரில் நின்ற ரிச்சர்ட் கான்லின் பதினாறு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர். அங்கே வாக்குச்சீட்டு தபாலில் போவதால் எண்ணிக்கை நாள்கணக்கில் நீளும். முதல் நாள் இரவு சாவந்த் பின்தங்கியிருந்தார். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த சீட்டுகள் அவரைக் கரையேற்றின. 2019இலும் இதே கதை. 2021இல் அவரைப் பதவியிலிருந்து திருப்பியழைக்க நடந்த வாக்கெடுப்பிலும் இதே கதைதான். அதில் தப்பியது வெறும் 310 வாக்கில். அவருடைய ஆட்கள் இளைஞர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள். சீட்டைக் கடைசி நாளில் போடுகிற கூட்டம்.

இனி அதிகாரம். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு, 200 கவுன்சிலர். ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சியாட்டிலுக்கு ஒன்பதே பேர். ஊதியம், வாடகை, உள்ளூர் வரி, போலீஸ் செலவு எல்லாம் அந்த ஒன்பது பேர் கையில். ஐந்து வாக்கு கிடைத்தால் மசோதா நிறைவேறும். ஆகவே ‘கவுன்சிலர்’ என்று ஒரே பெயரால் அழைத்தாலும் உங்கள் வார்டுக்காரரோடு இவரை ஒப்பிடுவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

ஆனால் அந்த ஐந்து வாக்கு சாவந்துக்கு ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. அவர் கட்சிக்கு அவர் ஒருவரே. அவர் செய்தது இதுதான்: கூட்டம் நடக்கும் அன்று அரங்கை ஆட்களால் நிரப்பிவிடுவார். சிவப்புச் சட்டை, கையில் பலகை. சக உறுப்பினர்களிடம் தனியாகப் பேசி இணங்க வைப்பதைவிட, அவர்கள் வாக்காளர் முன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்பதே அவர் கணக்கு. சம்பளத்திலும் ஒரு தொழிலாளிக்குத் தேவையான அளவாக ஆண்டுக்கு 40,000 டாலரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் போராட்ட நிதிக்குக் கொடுத்தார். சக உறுப்பினர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. பல நேரம் அவர் பேச்சும் அதற்கு இடம் கொடுத்தது.

பலன் என்ன? 2014 ஜூனில் 15 டாலர் சட்டம் ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. பெரிய நிறுவனங்களுக்கு மூன்று வருஷ அவகாசம், சிறியவற்றுக்கு இன்னும் அதிகம். விலைவாசியோடு சேர்த்து ஏறுவதால் 2025இல் அது 20.76 டாலர். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை இதுதான். இந்தியாவில் அவரைச் சாதிச் சட்டத்துக்காக மட்டும் அறிவது பாதி அறிவதுதான்.

வாடகையில் பாதி வெற்றி. குடியேறும்போது கேட்கும் முன்பணத்துக்கு வரம்பு, குளிர்கால மாதங்களில் வெளியேற்றத் தடை எல்லாம் வந்தன. வாடகைக்கே உச்சவரம்பு என்ற கனவு நடக்கவில்லை. மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. பெருநிறுவன வரியில் அடி பலமாகவே விழுந்தது. வீடற்றவர்களுக்காக, ஊழியர் தலைக்கு 275 டாலர் வரி 2018 மே மாதம் நிறைவேறியது. அமேசான் முறுக்கிக்கொண்டதும் ஒரே மாதத்தில் அதே மன்றம் அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அமேசான் பத்து லட்சம் டாலருக்கு மேல் இறக்கியும் சாவந்த் ஜெயித்தார். 2020இல் பெருநிறுவனச் சம்பளங்கள் மீது ஒரு வரி வந்தே விட்டது. மசோதா சக உறுப்பினர் தெரசா மொஸ்கேடா பெயரில். அழுத்தத்தில் பெரும்பங்கு இவருடைய இயக்கத்தினுடையது.

இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் 2023 பிப்ரவரி 21. பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் இனம், மதம் இவற்றோடு சாதியையும் சேர்த்தது சியாட்டில், 6–1 வாக்கில். அமெரிக்காவில் எந்த நகரமும் அதற்கு முன் செய்யாதது. தாம் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை அவர் மறைக்கவில்லை. வீட்டு வேலைக்கு வந்த பெண்ணைத் தாத்தா இழிசொல்லால் கூப்பிட்டதைச் சிறுமியாகப் பார்த்ததுண்டு என்று சொல்லியிருக்கிறார். தலித் அமைப்புகள் பல வருஷமாகப் போட்ட உழைப்பு இதற்கு அடியில் இருக்கிறது. இந்து அமைப்புகள் சில, ஒரு சமூகத்தையே சந்தேகிக்கும் சட்டம் என்று எதிர்த்தன. அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை: சட்டம் எந்த மதத்தையும் பெயர் சொல்லவில்லை, சாதிப் பாகுபாடு காட்டியதாக நிரூபித்தால்தான் நடவடிக்கை. ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் நியூசம் இதே மாதிரி மசோதாவைத் தம் மேசையிலேயே நிறுத்திவிட்டார்.

அந்த ஆண்டோடு சாவந்த் நகரமன்றத்தை விட்டு விலகினார், அதற்கு மறுபடி போட்டியிடவில்லை.

கடைசியாக, மகனுக்கு ஒரு தகவல். இந்தச் சட்டம் சியாட்டில் நகர எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். வேலையிலோ வாடகை வீட்டிலோ யாராவது சாதி பார்த்தால் நகரத்தின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் தலைமையகம் இருப்பது ரெட்மண்டில். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருப்பது பெல்வியூவில். இரண்டும் வேறு நகரங்கள். ‘சியாட்டில் பக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் அலுவலக முகவரியில் எந்த ஊர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.