சீருடைக்குப் பின் விண்வெளி: தருமபுரி முன்னாள் படைவீரருக்கு எந்த வாசல்?

பதினேழு ஆண்டு சர்வீஸ் முடித்து, அரூரிலோ பென்னாகரத்திலோ டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குபவரிடம் சொந்தபந்தம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "பேங்க் செக்யூரிட்டிக்கு எழுதிப் போட்டாச்சா?" பட்டாளத்தில் அவர் ராடார் பழுது பார்த்தாரா, வெல்டிங் பிடித்தாரா, ஏவுகணைப் பிரிவில் இருந்தாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. விண்வெளித் துறை விசாரிப்பது அதைத்தான்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1984இல் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மா, 2025இல் போய்வந்த சுபான்ஷு சுக்லா, ககன்யான் குழுவில் இருக்கும் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் ஆகிய எல்லோரும் விமானப்படை விமானிகள். சர்வீஸில் இருக்கும்போதே தேர்வானவர்கள். ஓய்வுபெற்ற ஹவில்தாருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு முன்னால் இருப்பவை வேறு நான்கு வாசல்கள்.

1. இஸ்ரோவில் டெக்னீஷியன்

பத்தாம் வகுப்பும் உரிய டிரேடில் ஐ.டி.ஐ. சான்றிதழும் இருந்தால் 'டெக்னீஷியன்-பி' பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக் மெக்கானிக் என டிரேடு வாரியாக ஆள் எடுப்பார்கள். அடிப்படைச் சம்பளம் ரூ.21,700இல் தொடங்கும். எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கும். செய்முறைத் தேர்வில் தேறினால் போதும்.

வயதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளில், முன்னாள் படைவீரர் தம் வயதிலிருந்து சர்வீஸ் ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் வருவது உச்ச வயது வரம்பை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். வரம்பு 35, உங்களுக்கு வயது 44, சர்வீஸ் 24 ஆண்டு என்றால் கணக்குப்படி உங்கள் வயது 20. போதாததற்கு குரூப் 'சி' பணியிடங்களில் 10 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதிகாரி அல்லாதவர்களுக்கு, மறுவேலையில் சம்பளம் நிர்ணயிக்கும்போது பென்ஷனைக் கழிக்க மாட்டார்கள்.

சிக்கல் ஒன்று இருக்கிறது. வேலை கிடைக்கும் இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியாகவும் இருக்கலாம், ஸ்ரீஹரிகோட்டாவாகவும் இருக்கலாம். பெங்களூரு மையம் என்றால் தருமபுரிக்காரருக்கு ஓசூர் வழி ரயிலே போதும். ஒவ்வொரு மையமும் தனித்தனியாக விளம்பரம் கொடுப்பதால், எந்த மையத்துக்கு எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

2. டிப்ளமோ, டிகிரி வழி

முதல் வகுப்பு இன்ஜினீயரிங் டிப்ளமோ இருந்தால் டெக்னிகல் அசிஸ்டென்ட், முதல் வகுப்பு பி.எஸ்சி. இருந்தால் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் பணிகளுக்குப் போகலாம். ரூ.44,900 அடிப்படைச் சம்பளம். டெக்னீஷியனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பலர் ஏமாறுவது இங்கேதான். பதினைந்து ஆண்டு சர்வீஸுக்குப் பின் கிடைக்கும் 'பட்டப்படிப்புக்குச் சமம்' என்ற சான்றிதழ், தொழில்நுட்பத் தகுதி கேட்காத குரூப் 'சி' வேலைகளுக்கு மட்டுமே செல்லும். அதை பி.எஸ்சி.க்குப் பதிலாகக் காட்ட முடியாது. பொறியியல் பட்டதாரிகளை எடுக்கும் சயின்டிஸ்ட் பணிக்கு 65 சதவீத மதிப்பெண்ணும், பொதுவாக 28 வயது வரம்பும் கேட்பார்கள். முப்பத்தெட்டில் ஊர் திரும்புபவருக்கு அது கைக்கெட்டாத தூரம். நான்கே ஆண்டில் வெளியே வரும் அக்னிவீரர்களின் நிலைமை இதற்கு நேர் எதிர். அவர்களுக்கு பென்ஷன் கிடையாது, வயது கையில் இருக்கிறது. வெளியே வரும்போது மொத்தமாகக் கைக்கு வரும் சேவா நிதியில் ஒரு பங்கை டிப்ளமோவுக்கோ செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடத்தில் பி.இ.க்கோ ஒதுக்குவது நல்ல கணக்கு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும் டிப்ளமோவில் தொடங்கியவர்தான்.

3. தனியார் நிறுவனங்கள்

2020க்குப் பிறகு விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான அக்னிகுல், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது. பெங்களூருவிலும் இத்தகைய நிறுவனங்கள் பல. ஓசூரும் சேலமும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் முனையங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது தருமபுரி.

இங்கே வயது வரம்பு இல்லை, ஒதுக்கீடும் இல்லை. செக்லிஸ்ட்டை வரி விடாமல் பார்ப்பது, எந்த போல்ட்டை எந்த அளவுக்கு முறுக்கினோம் என்று லாக்புக்கில் எழுதுவது, வெடிபொருள் அருகே நடந்துகொள்ளும் விதம் என, பட்டாளத்தில் கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கங்கள்தாம் இங்கே முதல். ஆனால் முதலீடு நின்றால் வேலையும் நிற்கலாம். கைக்கு பென்ஷன் வருபவருக்கு அந்த ஆபத்து தாங்கக்கூடியது; வராதவருக்குக் கனமானது.

4. அறிவியலையே படிப்பது

சம்பளத்துக்காக அல்லாமல், வானத்தின் மேல் உள்ள ஆசையால் வருபவர்களுக்கான வாசல் இது. நமக்குப் பக்கத்திலேயே, ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது காவலூரிலிருந்தும் அவதானித்தார்கள். சந்திரயான் தரையிறக்கச் சோதனைகளுக்கு நிலவு மண் போன்ற மண்ணை நாமக்கல் பகுதிப் பாறைகளிலிருந்து தேடிக்கொடுத்தது சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறை. படையில் வரைபடமும் சர்வேயும் பழகியவருக்குத் தொலையுணர்வுப் படிப்பு எளிதில் பிடிபடும். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் இணையவழி வகுப்புகள் நடத்துகிறது. ஆனால் உடனடி வருமானத்தை இந்த வழியில் எதிர்பார்க்காதீர்கள்.

யாருக்கு எது?

- தொழில்நுட்ப டிரேடு, பென்ஷன், நாற்பதை ஒட்டிய வயது: முதல் வாசல். அதற்குத் தயாராகும் காலத்தில் மூன்றாவது.
- அக்னிவீரர், இருபத்தைந்துக்குள்: இரண்டாவது.
- ஊரை விட்டுப் போக முடியாதவர்: ஓசூர், சேலம் பட்டறைகள், அதாவது மூன்றாவது.
- குடும்பப் பொறுப்பு முடிந்தவர்: நான்காவது.

அவசரப்படும் முன்

முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டை வைத்து ஒரு நிரந்தர அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த அரசு வேலைக்கு அந்த ஒதுக்கீடு பொதுவாகக் கிடைக்காது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. சேர்வதற்கு முன்பே வேறு வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்து, சேர்ந்த உடனே அந்த விவரத்தை எழுத்தில் கொடுத்திருந்தால் உரிமை போகாது. ஒப்பந்த வேலையாலும் போகாது. ஆகவே இஸ்ரோ விண்ணப்பத்தை முதலில் போடுங்கள், காவலாளி வேலைக்குக் கையெழுத்தைப் பிறகு போடுங்கள்.

இன்னும் சர்வீஸில் இருப்பவர்கள், பட்டாளத்து டிரேடு எந்த ஐ.டி.ஐ. டிரேடுக்குச் சமம் என்ற சான்றிதழை ரெஜிமென்ட்டை விட்டு வெளியே வருவதற்குள் வாங்கிவிடுங்கள். வந்தவர்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு அந்தச் சான்றிதழுக்கான வழியைக் கேளுங்கள். "பேங்க் செக்யூரிட்டிக்கு எழுதிப் போட்டாச்சா?" என்று அடுத்த தடவை யாராவது கேட்டால், எதற்கு முதலில் எழுதினீர்கள் என்று சொல்ல உங்களிடம் பதில் இருக்கும்.