வந்து போன காய்ச்சல்

அன்புள்ள தம்பிக்கு,

போன வருடமே ஃப்ளூ வந்து போய்விட்டது, உடம்பு தானாகவே எதிர்ப்புச் சக்தியைத் தேடிக்கொண்டது, இனி எனக்கு ஊசி எதற்கு என்று கேட்டிருக்கிறாய். உன் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேல் முள்முள்ளாக இரண்டு புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கும். எச்1என்1, எச்3என்2 என்கிறோமே, அதில் வரும் ‘எச்’, ‘என்’ இரண்டும் அவைதாம். காய்ச்சலில் விழுந்து எழுந்த உடம்பு அந்த முட்களை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது அது இளவயதினரையே அதிகம் பிடித்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்குக் குறைவாகவே தொற்றியது. சிறுவயதில் அவர்கள் கண்ட பழைய எச்1என்1-இன் சாயல் புதியதிலும் இருந்ததே காரணம்.

ஆனால் எச்3என்2-வைப் பார். 1968 முதல் அது மனிதரிடையே சுற்றிவருகிறது. ஒருமுறை வந்த காய்ச்சலே ஆயுளுக்கும் காவல் என்றால், அது எப்போதோ ஓய்ந்திருக்க வேண்டும். பெருகும்போதெல்லாம் அதன் முட்கள் சிறுகச் சிறுக உருமாறுகின்றன. பழைய நினைவு அவற்றைச் சரியாக அடையாளம் காண்பதில்லை. 2023 மார்ச்சில் அதே எச்3என்2 பரவியதால் நம் புதுச்சேரியில் 16 முதல் 26 வரை, 8-ஆம் வகுப்பு வரையிலான பள்ளிகளை மூடினார்கள். அதற்கு முன் கொரோனா காலத்தில் முகக்கவசமும் பூட்டிய பள்ளிகளுமாக இருந்ததால், உலகெங்கும் ஃப்ளூ ஏறக்குறைய மறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில் வைரஸைச் சந்திக்காத பிள்ளைகளிடம் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்ததும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. தவிர, உனக்கு வந்தது ஃப்ளூதானா? பரிசோதனை செய்யாமல் சொல்ல முடியாது. இருமலும் சளியும் தரும் வைரஸ்கள் பல.

ஊசியும் முழுக் காப்பு இல்லையே, அதையும் வருடாவருடம் போட வேண்டியிருக்கிறதே என்பாய். சரிதான். வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளிலேயே மருத்துவரிடம் போகும் அளவுக்கான ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம்தான் அது குறைக்கிறது. அதே வகை வைரஸுக்கு எதிராக, நோய் தரும் காப்பு சில சமயம் ஊசி தருவதைவிட வலுவாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு விலை அந்த நோயேதான். உன் வயதில் அந்த விலை பெரும்பாலும் ஐந்தாறு நாள் படுக்கை. சர்க்கரை நோயுள்ள உன் ஆயாவுக்கு அது நிமோனியாவாக முடியலாம். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கோ ஊசியே போட முடியாது; சுற்றியிருப்பவர்கள்தாம் அதற்குக் காவல். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே ஆயாவையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் கேள்.

அன்புடன்,
உன் மாமா