விற்ற நேரம் நம்முடையதல்ல

அல்லாஹுத் தஆலா திருமறையின் 103-ஆவது அத்தியாயத்தைக் காலத்தின் மீது சத்தியம் செய்து துவக்குகின்றான். மூன்றே ஆயத்துகளைக் கொண்ட இச்சிறிய சூராவை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். ஆயினும் தொழுதுவிட்டு அலுவலகத்திற்கோ கடைக்கோ சென்றபின், அங்கே கழியும் காலத்தைப் பற்றியும் மறுமையில் கேள்வி உண்டென்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கூலிக்கு வேலை செய்வோரை நம் ஃபுகஹாக்கள் இருவகையாகப் பிரித்துள்ளனர். தையற்காரர், சலவைத் தொழிலாளி போன்று பலரிடமும் வேலை ஏற்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. வேலையை முடித்தால்தான் இவருக்குக் கூலி. சொன்ன தவணையில் முடித்துக் கொடுப்பது இவர் மீதுள்ள கடமை. ஒருவரிடம் குறிப்பிட்ட நேரத்திற்கு வேலைக்கு அமர்பவர் ‘அஜீர் காஸ்’. மாதச் சம்பளக்காரர்கள் இவ்வகையினர். இவர்கள் விற்பது நேரத்தையே. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை என்று ஒப்பந்தமானால், அந்த நேரம் அவர்கள் கையிலுள்ள அமானிதமாகும்.

அளவையில் மோசம் செய்வோரை எச்சரிக்கும் 83-ஆவது அத்தியாயத்தை ஓதும்போது, தராசு பிடிக்கும் வியாபாரியை மட்டுமே நினைக்கிறோம். சம்பளத்தை முழுதாக எண்ணி வாங்கிக்கொண்டு நேரத்தைக் குறைத்துக் கொடுப்பவர் கையிலும் ஒரு தராசு இருக்கத்தானே செய்கிறது! அந்தச் சம்பளத்தில்தானே நம் பிள்ளைகள் உண்கிறார்கள்!

நம்மிடமுள்ள குறைகளைக் கண்டுகொள்ளக் கீழ்க்கண்டவற்றைச் சிந்திப்போம்:

1. தாமதமாக வருவது, வந்தபின்னும் தேநீர், செய்தித்தாள், ஊர்ப் பேச்சு என முதல் மணி நேரத்தைப் போக்குவது.

2. ஒரு நிமிடம் என்று கைப்பேசியை எடுத்து அரைமணி நேரத்தை இழப்பது.

3. கடினமான வேலையை நாளைக்கு ஒதுக்கிவிட்டு, சில்லறை வேலைகளிலேயே பொழுதைக் கழிப்பது. ‘இன்ஷா அல்லாஹ்’ என்னும் புனிதச் சொல்லைத் தட்டிக் கழிப்பதற்குப் பயன்படுத்துவது இதனினும் கொடிது.

4. கேட்டவர்க்கெல்லாம் சரியென்று ஏற்று, எதையும் தவணைக்குள் முடிக்காதிருப்பது.

5. தொழுகையைச் சாக்காக்குவது. பர்ளுத் தொழுகைக்குரிய நேரம் ஒப்பந்தத்திலிருந்து விலக்குப் பெற்றது. அதைத் தடுக்க முதலாளிக்கு உரிமையில்லை. நஃபிலான வணக்கத்திற்கோ அவருடைய அனுமதி தேவை. லுஹருக்குச் சென்றவர் பள்ளித் திண்ணையில் பேசியிருக்கும் நேரம் தொழுகைக் கணக்கில் சேராது.

இவற்றைத் திருத்தும் வழி யாது? முதலில் ஒரு வாரம் வரை, ஒவ்வொரு அரைமணி நேரமும் எவ்வாறு கழிந்ததென ஒரு தாளில் குறித்து வருவோமாக. நேரம் எங்கே ஒழுகுகிறதென்று அத்தாளே காட்டிக் கொடுக்கும்.

அடுத்து, ஐவேளைத் தொழுகைகள் நம் நாளை ஏற்கனவே பகுத்து வைத்துள்ளன. சுப்ஹுக்குப் பின் அன்றைய வேலைகளை முறைப்படுத்தி, கடினமானதை முற்பகலிலேயே முடிக்க முயல வேண்டும். தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்துள்ளார்கள். அதனை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதீ (ரலி) அவர்கள் ஒரு வணிகர்; தம் சரக்குகளைப் பகலின் துவக்கத்திலேயே அனுப்பிவைத்துச் செல்வந்தரானார்கள். லுஹருக்கு எழுமுன் பாதி வேலை முடிந்ததா என்று பார்ப்பதும், இஷாவுக்குப் பின் அன்றைய கணக்கை நமக்குள்ளே கேட்பதும் நல்ல பழக்கங்களாகும்.

வீட்டாரும் வேலை நேரத்தில் அவசரமற்ற செய்திகளுக்காக அவர்களை அழைக்காதிருப்பது பேருதவியாகும்.

சென்றுபோனவற்றிற்கு என்ன செய்வது? இது அடியார்களின் ஹக்கு. ஆகவே தவ்பாவோடு நின்றுவிடலாகாது. கூடுதலாக உழைத்து ஈடுசெய்ய வேண்டும். இயலாவிடில் உரியவரிடம் சொல்லிப் பொருத்தம் பெற வேண்டும்.

முதலாளிமார்களுக்கும் இதில் பாடமுண்டு. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கும்படி நபிமொழி ஏவுகிறது. பேசிய நேரத்திற்கு மேல் ஊதியமின்றி நிறுத்தி வைப்பதும் பிறர் நேரத்தைப் பறிப்பதேயாகும்.

நாம் விற்ற நேரத்தைக் குறைவின்றிக் கொடுத்து, ஹலாலான உணவை உண்ணும் நன்மக்களாக நம்மனைவரையும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.