பெயர் மாறிய பாட்டு

மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும்போது வகுப்பில் ஒரு ஜப்பானியப் பாட்டை ஒலிக்கவிடலாம். கியூ சகாமோட்டோ பாடி 1961இல் வெளிவந்த 'உயே ஓ முயிதே அருகோ' அது. நகாமுரா ஹச்சிதாயின் துள்ளலான மெட்டு, இடையே சீழ்க்கை. பாடுபவர் மகிழ்ச்சியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றே பலரும் சொல்வார்கள்.

பிறகு தலைப்பின் பொருளைச் சொல்லுங்கள்: 'அண்ணாந்து பார்த்து நடப்போம்'. அண்ணாந்தால் கண்ணீர் கீழே சிந்தாது அல்லவா? 1960ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒப்பந்த எதிர்ப்புப் போராட்டம் பலிக்காத வேதனையில் ஏய் ரொக்குசுகே எழுதிய வரிகள் அவை. மறுபடி ஒலிக்கவிடுங்கள். சீழ்க்கை இப்போது வேறாகக் கேட்கும்.

வெளிநாட்டில் இதற்கு வைத்த பெயர் 'சுகியாகி'. மாட்டிறைச்சியும் காய்களும் சேர்த்துச் சமைக்கும் உணவின் பெயர் அது! அழுகையை அடக்கும் பாட்டுக்குச் சாப்பாட்டுப் பெயர். வாயில் எளிதாக நுழைகிறது, அவ்வளவுதான். அந்தப் பெயரிலேயே 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்து 3 வாரம் நின்றது.

இனி மாணவர்கள் குழுவாகத் தமிழ்த் தலைப்பு வைக்கட்டும். 'நிமிர்ந்து நடப்போம்' என்று ஒரு குழு எழுதக்கூடும். அதில் துயரம் போய்ப் பெருமிதம் வந்துவிடுகிறது. உடனே திருத்த வேண்டாம்; 'அண்ணாந்து', 'நிமிர்ந்து' இரண்டையும் கரும்பலகையில் எழுதி விவாதிக்க விடுங்கள்.